மேலிமை அறுவை சிகிச்சை: தொய்ந்திருப்பது எது?

"கண் தொங்கிவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. இமையின் தோல் மிகுந்து மடிந்து கிடக்கலாம். இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசையின் பிடி தளர்ந்து இமையே கீழிறங்கியிருக்கலாம். அல்லது இமையில் குறை ஏதுமின்றி, அதற்கு மேலிருக்கும் புருவம் சரிந்து இமையை அழுத்திக்கொண்டிருக்கலாம். கண்ணாடியில் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: சோர்ந்த பார்வை, தூக்கம் கலையாத முகம். ஆனால் மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

மேலிமை அறுவை சிகிச்சை என்று பொதுவாகப் பேசப்படுவது இவற்றில் முதல் குறைக்கு மட்டுமே நேரான தீர்வு. இது தெரியாமல் அறுவைக்குப் போய், தையல் பிரித்து, வீக்கமும் வடிந்த பிறகு, "கண் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது" என்று வருந்த நேரலாம். அத்தகைய இடங்களில் அறுவை பிழையாக நடந்திருக்க வேண்டியதில்லை. பிழையான குறைக்கு நடந்திருந்தாலே போதும். எனவே "செய்துகொள்ளலாமா" என்ற கேள்விக்கு முன்னால் "தொய்ந்திருப்பது எது" என்ற கேள்வி வருகிறது. அதற்கு விடை காண, இமை எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

இமையின் முதல் வேலை மூடுவது

"கண்ணை இமை காப்பதுபோல" என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். பழகித் தேய்ந்த அந்த உவமைக்குள் உடலியல் உண்மை ஒன்று அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும், இமை கருவிழியின் மேல் கண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்புகிறது, தூசியைத் துடைக்கிறது, மிஞ்சிய நீரை மூக்கோரத்தில் உள்ள வடிகால் துளைகளை நோக்கித் தள்ளுகிறது. விழித்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார், ஒன்றையும் எண்ணாமலே. இலக்கண நூலார் மாத்திரைக்கு அளவாக இமைப்பொழுதை எடுத்துக்கொண்டதும் அது அவ்வளவு இயல்பாக, எல்லாரிடமும் நடப்பது என்பதால்தான் போலும்.

கருவிழிக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கு காற்றிலிருந்து கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. இமை முழுமையாக மூடாமல் போனால் அந்தப் படலம் உலர்கிறது. முதலில் உறுத்தல், பிறகு எரிச்சலும் மங்கலும், கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண் என்று அது வளரும். அழகுக்காகச் செய்தாலும், பார்வையை மறைக்கும் தோலை நீக்கச் செய்தாலும், இமையில் கத்தி வைக்கும் எவரும் இதை மறக்க முடியாது.

ஒரு திரைச்சீலையை நினைத்துக்கொள்வோம்

கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் சன்னல் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிவிளிம்பு சுருங்காமல் நேராக நிற்பதற்காக உள்ளே ஒரு பட்டைச் சட்டம் செருகப்பட்டிருக்கிறது. மேலே ஒரு கம்பியில் திரை தொங்குகிறது. அறைக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். துணி மிகுதியாகி, அடிச்சட்டத்தையும் தாண்டி மடிந்து தொங்குகிறது. அல்லது, துணி சரியாக இருந்தும் கயிறு நெகிழ்ந்துவிட்டதால் சட்டம் பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. அதுவும் இல்லையென்றால், கம்பியே சுவரிலிருந்து நழுவி, திரை முழுவதும் ஒரு பிடி கீழிறங்கிவிட்டது.

துணி மிகுந்த திரைக்கு, மிகுதியை வெட்டித் தைத்தால் வெளிச்சம் வந்துவிடும். கயிறு நெகிழ்ந்த திரையிலும் அதே வேலையைச் செய்தால் என்ன ஆகும்? சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளிச்சம் கூடாது. போதாக்குறைக்கு, இரவில் திரையை இறக்கும்போது துணி பற்றாமல் அடியில் ஓர் இடைவெளி விழும். இமைக்கும் அப்படியே: பிழையான குறைக்குத் தோலை வெட்டினால் பயன் கிடைக்காமல் போவதோடு நிற்பதில்லை, மூடும் வேலையும் கெடுகிறது.

இனி மெய்யான உறுப்புகள்

துணியின் இடத்தில் இருப்பது இமைத்தோல். உடலிலேயே மிக மெல்லிய தோல் இதுதான். தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. வயது ஏறும்போது அதன் மீள்தன்மை குறைந்து, தோல் மிகுந்து மடிகிறது. இந்த மிகைத்தோல் நிலையை மருத்துவர்கள் டெர்மட்டோகலேசிஸ் என்பார்கள். தோலுக்கு அடியில், கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை கண்ணை மூடுகிறது.

அடிச்சட்டத்தின் இடத்தில் இமைத்தகடு இருக்கிறது. இது அடர்ந்த நார்த்திசுவால் ஆனது. மேலிமையின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. கண்ணை மூடி இமை விளிம்பை விரல்களால் மெதுவாகத் தொட்டால், சற்று விறைப்பாகத் தட்டுப்படுவது அதுதான்.

கயிறாக வேலை செய்வது லிவேட்டர் என்னும் இமையுயர்த்தும் தசை. கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, விழிக்கு மேலாக முன்னோக்கி வந்து, அகன்ற விரிப்பாகி, இமைத்தகட்டைப் பற்றிக்கொள்கிறது. இந்த விரிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்தோ, பற்றிய இடத்திலிருந்து நழுவியோ போவதுண்டு. நெடுங்காலம் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கு இளவயதிலேயே இது நேரலாம். அப்போது தோல் எப்படி இருந்தாலும் இமை விளிம்பு கீழே நிற்கும். இந்த இமையிறக்கத்துக்கு டோசிஸ் என்று பெயர். லிவேட்டருக்குப் பின்னால் முல்லர் தசை என்ற சிறு துணைத் தசையும் உண்டு. அதன் பங்கு 2 மில்லிமீட்டர் அளவே.

கம்பியின் இடம் புருவத்துக்கு. அதைத் தூக்கி நிறுத்துவது நெற்றித் தசை.

தோலுக்கும் லிவேட்டருக்கும் இடையில் கொழுப்புப் பொதிகள் இரண்டு இருக்கின்றன: ஒன்று நடுவில், மற்றது மூக்கோரத்தில். காதோரப் பக்கத்தில் கொழுப்புப் பொதி இல்லை; அங்கே இருப்பது கண்ணீர்ச் சுரப்பி. சிலருக்கு அந்தச் சுரப்பி சற்று இறங்கி, பார்ப்பதற்குக் கொழுப்புப் புடைப்பைப் போலவே இருக்கும். அதைக் கொழுப்பென்று எண்ணி வெட்டினால் கண்ணின் ஈரத்துக்கே கேடு. இமையை அன்றாடம் அறுத்துப் பழகியவரிடமே போக வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கண் மருத்துவத்தில் இமைக்கென்று ஒட்டறுவைப் பயிற்சி பெற்றவர்களும், இமையில் தேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன்களும் இந்த அறுவையைச் செய்கிறார்கள்.

அறுவையின் பெயர் பிளெபரோபிளாஸ்டி. இமையை வடிவமைத்தல் என்று பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பெர்டினாண்ட் வான் கிரேஃபே 1818-இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது, புற்றுநோயால் இழந்த இமையைத் திரும்ப உருவாக்கும் அறுவையைக் குறிக்க. இல்லாத இமையை உண்டாக்குவதற்கு வந்த பெயர், இன்று இருக்கும் இமையில் மிகுதியைக் குறைப்பதற்கு நிற்கிறது.

சுருக்கமாக: தோல் மிகுந்தால் டெர்மட்டோகலேசிஸ், தசைப்பிடி தளர்ந்தால் டோசிஸ், புருவம் சரிந்தால் புருவ இறக்கம். பிளெபரோபிளாஸ்டி முதலாவதைத் திருத்துகிறது. ஒருவருக்கே இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து வருவதும் உண்டு.

மருத்துவர் எப்படிப் பிரித்தறிகிறார்

சோதனைகள் எளியவை, ஆனால் பொறுமை வேண்டுபவை. ஒரு சிறு விளக்கை நேராகக் காட்டினால் கருவிழியின் நடுவே ஒளிப்புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளிக்கும் மேலிமையின் விளிம்புக்கும் இடையிலான தூரம் இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். அது குறைந்திருந்தால் டோசிஸ் இருக்கிறது என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம்: மடிந்து விழும் தோல் விளிம்பையே மறைத்திருக்கலாம்; ஆகையால் தோலை மெல்ல விலக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். விலக்கியதும் இமை விளிம்பு சரியான உயரத்தில் இருப்பது தெரிந்தால், குறை தோலில்.

அடுத்தது நெற்றி. இமை கனத்தவர்கள் பலர், தாம் அறியாமலேயே நாள் முழுவதும் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். மாலையில் நெற்றி வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். எனவே கண்ணை மூடச் சொல்லி, நெற்றி தளர்ந்த பிறகு, புருவத்தை உயர்த்தாமல் திறக்கச் சொல்கிறார்கள். அப்போதுதான் புருவத்தின் உண்மையான இருப்பிடம் வெளிப்படும். இதை வீட்டிலேயே கண்ணாடி முன் செய்து பார்க்கலாம். தளர்ந்த புருவத்தை விரலால் அதன் பழைய இடத்துக்கு உயர்த்தும்போது இமையின் கனம் பெரும்பாலும் மறைந்துவிட்டால், தேடவேண்டிய இடம் புருவம்.

மூன்றாவது, இரு கண்களுக்கும் இடையிலான ஒரு விசித்திர உறவு. இரண்டு லிவேட்டர்களுக்கும் மூளை ஒரே அளவு கட்டளையையே அனுப்புகிறது. ஹெரிங் விதி என்று இதற்குப் பெயர். ஓர் இமை இறங்கிப் பார்வையை மறைத்தால், மூளை கூடுதல் கட்டளை இடுகிறது. அதில் நல்ல இமையும் வேண்டியதற்கு மேல் உயர்ந்து நிற்கிறது. இறங்கிய இமையைச் சரிசெய்தவுடன் கூடுதல் கட்டளை நின்றுபோய், இதுவரை நன்றாக இருந்த இமை இறங்கிவிடலாம். "ஒரு கண்ணைச் சரிசெய்யப் போய் மறு கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் இருப்பது இதுதான். முன்கூட்டியே அறிய, இறங்கிய இமையை விரலால் உயர்த்திப் பிடித்து, மற்றது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

தோல் உண்மையிலேயே பார்வையை மறைக்கிறதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. பார்வைப் பரப்பை ஒருமுறை இயல்பாகவும், மறுமுறை தோலை டேப்பால் மேலே ஒட்டிவைத்தும் அளக்கிறார்கள். ஒட்டிய பிறகு மேற்பார்வை தெளிவாக விரிந்தால், அறுவையின் நோக்கம் அழகு மட்டும் அன்று என்பதற்கு அது சான்று; காப்பீடு கோருவோர்க்கும் இந்தப் பதிவு பயன்படலாம்.

தொய்வு ஓர் அறிகுறியாக வரும்போது

மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வந்த தொய்வைப் பற்றியே இதுவரை பேசினோம். ஓரிரு நாளில் திடீரென ஓர் இமை இறங்கினால், அதிலும் தலைவலியோ, இரட்டைப் பார்வையோ, இரு கண்பாவைகளின் அளவில் வேறுபாடோ சேர்ந்திருந்தால், அது அழகுச் சிகிச்சைக்கான செய்தி அன்று. இமையை உயர்த்தும் நரம்பை மூளையின் இரத்தக்குழாய்ப் புடைப்பு ஒன்று அழுத்திக்கொண்டிருக்கலாம். அன்றே, அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காலையில் நன்றாக இருந்து மாலையில் இறங்கும் இமை, நரம்பு சொல்வதைத் தசை ஏற்க முடியாமல் களைத்துப்போகும் மயஸ்தீனியா என்ற நோயைக் காட்டலாம். அதற்கு முதலில் வேண்டியது மருந்து, கத்தி அன்று.

அறுவை மேசையில்

அறுவையின் முக்கியமான கட்டம் ஊசி போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: அளந்து கோடு போடுவது. படுத்தால் தோலும் புருவமும் இடம் மாறிவிடும் என்பதால், உட்கார்ந்த நிலையில் குறிப்பார்கள். கீழ்க்கோடு இமையின் இயற்கை மடிப்பின் மேலேயே அமையும். தழும்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். மேற்கோட்டை முடிவுசெய்ய, நுண்ணிய இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பார்த்து, இமை விளிம்பு கண்ணை விட்டு விலகாத அளவை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். புருவத்தின் அடிக்கும் இமை விளிம்புக்கும் இடையே குறைந்தது 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்ச வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அந்தத் தோல்தான் கண் மூடும்போது விரிய வேண்டிய துணி.

பிறகு இமையை மரக்கச்செய்யும் ஊசி. பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். நடுவில் கண்ணைத் திறந்து மூடச் சொல்வதற்கும் அது வசதி. குறித்த தோலையும், தேவைப்பட்டால் சிறிது தசையையும் நீக்கி, முடியளவு மெல்லிய நூலால் தைக்கிறார்கள். இரு கண்களுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போல ஆகும். கத்தியா லேசரா என்று கேட்பவர்கள் பலர். அது கருவியைப் பற்றிய கேள்வி, விளைவு கோட்டையும் கையையும் பொறுத்தது. கொழுப்பை முன்பு தாராளமாக எடுத்தார்கள். பின்னாளில் கண் குழிவிழுந்து, இளமைக்கு மாறாக முதுமையே கூடித் தெரிந்ததால், இப்போது துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் தொடுகிறார்கள். டோசிஸும் சேர்ந்திருந்தால் பல நேரம் இதே வெட்டு வழியாகவே லிவேட்டரையும் இழுத்துத் தைக்கலாம், ஆனால் அது தனி வேலை, தனியாகத் திட்டமிட வேண்டியது.

மடிப்பே இல்லாத இமையில் புதிதாக ஒரு மடிப்பை உண்டாக்கும் அறுவையும் இதே பெயரில் புழங்குகிறது. ஜப்பானில் மிகாமோ என்பவர் 1896-இல் முதலில் எழுதிவைத்த அந்த முறையின் நோக்கமே வேறு. இணையத்தில் ஒப்பீட்டுப் படங்களைப் பார்ப்பவர்கள் எந்த அறுவையின் படம் என்று கவனிப்பது நல்லது.

இதுவரை சொன்னதில் நினைவிருக்க வேண்டியது: குறி போடுவதுதான் அறுவையின் பாதி, எடுக்கும் தோலின் அளவைத் தீர்மானிப்பது மிஞ்ச வேண்டிய தோலின் அளவு.

முன்னதாகச் சொல்லிவிட வேண்டியவை

கண் உலர்ச்சி முதலில் வருகிறது. ஏற்கெனவே உலர்ந்த கண்ணில் இமை சற்றே திறந்து நின்றாலும் தொல்லை பெருகும். இமைக்குள் சிறு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பது இதற்காகத்தான். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் செய்துகொண்டவர்களுக்கும் சில மாதங்கள் உலர்ச்சி இருக்கும் என்பதால், ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வது வழக்கம். தைராய்டு நோயால் கண் பாதிக்கப்பட்டவர்களுக்கு, நோய் அடங்கி நிலைத்த பிறகே இமையில் கைவைப்பார்கள்.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளையும், மீன் எண்ணெய் மாத்திரை போன்ற சாதாரணமாகத் தோன்றுபவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றைத் தாமாக நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்து. இதயத்துக்காக எழுதிக்கொடுத்த மாத்திரையை இமைக்காக நிறுத்தலாமா என்பதை, எழுதிக்கொடுத்த மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

பிந்தைய நாட்கள்

முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், தலையை உயர்த்திய படுக்கை, கண்ணுக்கு ஈரமூட்டும் சொட்டு மருந்து. குனிவதும் பாரம் தூக்குவதும் கூடாது. தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். இரத்தக்கட்டின் நீலமும் வீக்கத்தின் பெரும்பகுதியும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மறையும். தொடக்கத்தில் வீக்கத்தால் கண் முழுதாக மூடாதது போல இருக்கலாம், ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். தழும்பின் சிவப்பு தணிந்து, வடிவம் நிலைக்கச் சில மாதங்கள் ஆகும்.

ஒரே ஒரு தொல்லை மட்டும் காத்திருக்காது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்கினால், பார்வை நரம்பு நசுங்கும். இது அரிது: சுமார் 2000 பேரில் ஒருவருக்குக் கசிவும், 20,000-க்கும் மேற்பட்டோரில் ஒருவருக்கு நிரந்தரப் பார்வையிழப்பும் என்ற அளவில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நிகழும். கடும் வலி, கண் முன்தள்ளுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், வலி மாத்திரை போட்டுத் தூங்கிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தையலைத் திறந்து அழுத்தத்தைத் தணிப்பது அங்கே நிமிடங்களில் செய்யக்கூடிய காரியம். மணிக்கணக்கில் தாமதித்தால் பார்வை திரும்பாமல் போகலாம். இரவில் அழைக்க வேண்டிய எண்ணை, அறுவைக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

இது மாற்றாதவை

கண்ணோரச் சுருக்கங்கள், கருவளையம், கீழிமையின் பை ஆகியவை இந்த அறுவையால் போவதில்லை. புருவமும் உயராது, சொல்லப்போனால், கனம் நீங்கியதும் நெற்றித் தசை ஓய்வெடுத்து, புருவம் முன்னைவிடச் சற்று இறங்கலாம். புருவ இறக்கம் உள்ளவருக்குத் தோலை மட்டும் மேலும் மேலும் வெட்டினால், புருவம் இமையை நோக்கி இழுக்கப்படுகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திரையைச் சீராக்கக் கம்பியையே கீழே இழுத்த கதை அது.

குறைவாக எடுத்துவிட்டால், பிறகு ஒருநாள் இன்னும் சிறிது எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக எடுத்துவிட்டால், வேறிடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டும். இமைத்தோலின் மெல்லிய தன்மைக்கு ஈடான தோல் உடலில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது, பத்து இருபது ஆண்டுக்கு முந்தைய புகைப்படம் ஒன்றை எடுத்துப் போவது உதவும். தொய்வு வந்ததா, பிறவியிலேயே அப்படித்தானா, புருவம் அன்று எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். அவர் கோடு போடுவதற்கு முன், எவ்வளவு தோலை எடுப்பீர்கள் என்று கேட்பதைவிட, எவ்வளவு தோலை விட்டுவைப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கு மில்லிமீட்டரில் விடை வரும்.